எய்தவன் எங்கே?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெண் பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பில் இருக்கிறாள். கெட்டிக்காரி, கட்டுரை எழுதச் சொன்னால் நான் கேட்டதற்கு மேல் இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பவள். வந்தவர் காப்பி ஆறும் வரையில் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"பத்திரிகைத் தொழிலுக்குத்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், ஸார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்."

"என்ன வார்த்தை சொல்ல வேண்டும்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். எங்கோ ஒரு நிருபரை வழிமறித்து அடித்துப் போட்ட செய்தி. 'மர்ம நபர்களைப் போலீஸார் தேடி வருகின்றனர்' என்று அது முடிந்திருந்தது. "நாளைக்கு இவளுக்கு ஒன்று நேர்ந்தால் யார் ஸார் பொறுப்பு? இந்த மர்ம நபரைத்தானே தேடுவார்கள்?" என்றார். அவர் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அவருடன் போகாமல் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆகவே இந்த வாரம் அதையே நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

இந்த மர்ம நபர் உலகத்திலேயே மிகவும் பாக்கியசாலி என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பெரும்பாலும் தண்டனையும் கிடையாது. பத்திரிகையாளர் கொலைகளில் நூற்றுக்கு 85 இன்னும் தீர்வு காணப்படாமலே இருப்பதாக யுனெஸ்கோ ஸ்தாபனம் 2024-ஆம் வருஷத்து அறிக்கையில் கூறிற்று. மீதிப் பதினைந்திலும் பிடிபடுகிறவர் யார்? பெரும்பாலும் கத்தியைப் பிடித்தவர் அல்லது துப்பாக்கியை நீட்டியவர். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்று நம் முன்னோர் சொன்னது இந்த இடத்துக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

அம்பைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், எய்தவனைத் தேடிப் போன ஊர் ஏதாவது உண்டா என்று யோசித்தபோது ஒரு சிறிய தேசம் என் நினைவுக்கு வந்தது. அதுதான் மால்ட்டா. நமக்குத் தெற்கே உள்ள மாலத்தீவு அன்று. மத்தியதரைக் கடலில் ஸிஸிலிக்குத் தெற்கே இருக்கும் தீவுக் கூட்டம் இது. பரப்பு 316 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஐந்து லட்சத்துக்கு மேல். நம்மைப் போலவே பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்து, 1964-ஆம் வருஷம் செப்டம்பரில் விடுதலை பெற்றது.

அதே 1964-இல், விடுதலைக்கு ஒரு மாதத்துக்கு முன்பு, அங்கே பிறந்தவர் டாப்னி கருவானா கலீஸியா என்ற பெண்மணி. மூன்று பிள்ளைகளுக்குத் தாய். ஏறக்குறைய முப்பது வருஷ காலம் பத்திரிகைகளில் எழுதினார். பிற்காலத்தில் இணையத்தில் தாமே ஒரு பக்கம் நடத்தி, அதில் நாள்தோறும், சில நாள் மணிக்கொரு தடவை, எழுதிவந்தார். 2016-ஆம் வருஷ ஆரம்பத்தில், மந்திரி ஒருவரும் பிரதம மந்திரியின் காரியாலயத் தலைவரும் பனாமா தேசத்தில் இரகசியக் கம்பெனிகள் வைத்திருப்பதை வெளிப்படுத்தினார். சில வாரங்களுக்குப் பின் 'பனாமா தஸ்தாவேஜுகள்' வெளிவந்தபோது அது ஊர்ஜிதமாயிற்று.

அவர் பேனா தர்மதேவதையின் தராசுபோல் எப்போதும் நிதானமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கேலி செய்வார், சுடச்சுட எழுதுவார், ஆளுங்கட்சியை மட்டுமின்றி எதிர்க்கட்சித் தலைவரையும் விட்டு வைத்ததில்லை. அவரைப் பிடிக்காதவர்கள் பலர் இருந்தார்கள். இறக்கும்போது அவர் மேல் நாற்பதுக்கு மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. ஒரு மந்திரி தொடுத்த வழக்கில் அவருடைய வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டிருந்தன. 2006-இல் அவர் வீட்டுக்கே தீ வைத்தார்கள். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவரைக் கொல்லுவது என்பது குண்டு வைக்கும் நாளில் ஆரம்பிப்பதில்லை. 'இவளுக்கு என்ன நேர்ந்தாலும் கேட்க நாதியில்லை' என்ற எண்ணம் ஊரிலே பரவும் நாளில் ஆரம்பிக்கிறது.

2017-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி பிற்பகல் டாப்னி வீட்டை விட்டுக் கிளம்பினார். காசோலைப் புத்தகத்தை மறந்துவிட்டதால் திரும்பி வந்து, அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் புறப்பட்டார். பிட்னியா என்ற அந்தக் கிராமத்துச் சாலையில் மோட்டார் வண்டி சிறிது தூரம் போவதற்குள் வெடித்துவிட்டது. வீட்டில் இருந்த மூத்த பிள்ளை மாத்யூ சத்தம் கேட்டுச் செருப்புக்கூட இல்லாமல் ஓடினார். எரிகிற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தும் தாயாரை மீட்க அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இனி, தேடலின் கதைக்கு வருவோம். அன்று இரவே குடும்பத்தார் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. விசாரணைக்கு நியமிக்கப்பட்ட மாஜிஸ்திரேட், டாப்னி தம் எழுத்தில் முன்பு கண்டித்தவர்களில் ஒருவர். 'இவர் விசாரிக்கக் கூடாது' என்று குடும்பத்தார் ஆட்சேபித்தார்கள்; மறுநாளே அவர் விலகிக்கொண்டார். விசாரணையை மேற்பார்த்த துணைப் போலீஸ் கமிஷனரோ ஒரு மந்திரியின் கணவர். அதற்காகவும் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர் இந்த வழக்கிலிருந்து ஒதுங்க வேண்டும் என்று 2018-இல் தீர்ப்பாயிற்று. துக்க வீட்டில் அழுவதற்கு முன்னால், 'யார் தேடப் போகிறார்கள்?' என்று கேட்ட குடும்பம் அது.

அம்பு சீக்கிரமே அகப்பட்டது. குண்டு ஒரு குறுஞ்செய்தியால் வெடிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்தச் செய்தி கடலிலே, துறைமுகத்துக்கு வெளியே நின்ற ஒரு படகிலிருந்து அனுப்பப்பட்டது. அனுப்பிய ஆசாமி தம் சொந்தக் கைப்பேசியில் பணம் தீர்ந்துவிட்டதால், ஒரு சிநேகிதரைக் கூப்பிட்டுப் பணம் நிரப்பச் சொன்னாராம். அமெரிக்க எப்.பி.ஐ. நிபுணர்களின் உதவியுடன் தொலைபேசிக் கோபுரங்களின் பதிவுகளை அலசியபோது, அந்தச் சிறு அழைப்பும் துப்பாக வாய்த்தது. 1917-ஆனாலும் 2017-ஆனாலும் குற்றவாளிகளைக் காட்டிக் கொடுப்பது அவர்களுடைய சாமர்த்தியமல்ல, சில்லறை அஜாக்கிரதைதான்.

1917-ஐ விட்டு 2017-க்கே திரும்புவோம். அவ்வருஷம் டிசம்பர் 4-ஆம் தேதி பலர் கைதாகி, மூன்று பேர் மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது: ஜார்ஜ் டிஜோர்ஜியோ, அவர் சகோதரர் ஆல்பிரட், வின்சென்ட் மஸ்கட். வின்சென்ட் 2021 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதினைந்து வருஷத் தண்டனை பெற்றார். சகோதரர்கள் 2022 அக்டோபர் 14-ஆம் தேதி, விசாரணை தொடங்கிய அன்றே ஒப்புக்கொண்டு, ஆளுக்கு நாற்பது வருஷத் தண்டனை பெற்றார்கள்.

அதே வருஷத்தில் ஜார்ஜ் ராய்ட்டர் நிருபரிடம் பேசுகையில், தமக்கு இது வெறும் வியாபாரம் என்று சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கிற்று. அவருக்கு டாப்னியின் மேல் ஒரு பகையும் இல்லை. அம்புக்குக் கோபம் ஏது? கூலி வாங்கிக்கொண்டு பாய்வதுதான் அதன் தொழில். பல தேசங்களில் இந்த இடத்தோடு திரை விழுந்துவிடுகிறது. 'கொலையாளிகள் பிடிபட்டார்கள்' என்று தலைப்புப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

மால்ட்டாவில் திரை விழவில்லை. 2019 நவம்பரில் மெல்வின் தியூமா என்ற டாக்ஸிக்காரர் வேறொரு விஷயத்தில் பிடிபட்டார். கூலியாட்களுக்கும் கூலி கொடுத்தவருக்கும் நடுவிலே நின்ற தரகர் தாமே என்று அவர் சொன்னார். உயிருக்குப் பயந்து இரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்த பேச்சுகளையும் கொடுத்தார். பேசிய கூலி 1,50,000 யூரோ என்பது அவர் சாட்சியம். உண்மை முழுவதையும் சொல்வதாயின் மன்னிப்பு என்ற நிபந்தனையின்பேரில் அவருக்கு ஜனாதிபதியின் மன்னிப்பு வழங்கப்பட்டது.

நவம்பர் 20-ஆம் தேதி விடியற்காலையில், உல்லாசப் படகில் ஏறித் தீவை விட்டுக் கிளம்பிய ஒரு பெரிய வியாபாரியைப் போலீஸார் கடலிலேயே மறித்துக் கைது செய்தார்கள். அவர் பெயர் யோர்கன் பெனெக். சர்க்காரின் மின்சார நிலைய ஒப்பந்தத்தைப் பெற்ற கூட்டுக் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவர். கொலைக்கு உடந்தை என்று அவர் மேல் குற்றம் சாட்டப்பட்டது. ஜனங்கள் இரவு பகலாகத் தலைநகரான வாலெட்டாவின் வீதிகளில் கூடினார்கள். பிரதம மந்திரியின் காரியாலயத் தலைவர் நவம்பர் 26-ஆம் தேதி ராஜினாமாச் செய்தார். டிசம்பர் முதல் தேதி பிரதம மந்திரி ஜோஸப் மஸ்கட்டே பதவி விலகப் போவதாக அறிவித்தார். 2020 ஜனவரியில் விலகினார்.

இங்கே ஒரு வார்த்தை ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். பெனெக் தாம் குற்றவாளி அல்ல என்று மறுத்து வருகிறவர். 2025-ஆம் வருஷ ஆரம்பத்தில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. அவ்வருஷத்தின் நடுப்பகுதி வரையில் அவர் மேலுள்ள வழக்கு ஜூரிகளின் முன் வரவேயில்லை. எய்தவர் இன்னார் என்று தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் வேலை, நம் வேலையன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம் வழங்குவதுதான் நியாயம். டாப்னிக்கு நடந்ததைக் கண்டிக்கிறவர்கள் அதை மறக்கலாகாது. ஆனால் நியாயத்துக்கு எட்டு வருஷம் போதாது என்றால், அந்த நியாயத்தின் கால்களில் என்ன வியாதி என்று கேட்கவும் நமக்குப் பாத்தியதை உண்டு. அதே 2025 ஜூனில், குண்டைத் தேடிக் கொடுத்த குற்றத்துக்காக இன்னும் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இதுவரையில் அம்பு, அம்பைச் செய்து கொடுத்தவர், நாணைப் பூட்டியவர் என்று ஒவ்வொருவராகப் பார்த்தோம். இனித்தான் என் மாணவியின் தகப்பனார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். யார் பொறுப்பு?

டாப்னியின் குடும்பத்தார் இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்தார்கள். 'கொன்றவர் யார்?' என்பது ஒன்று. 'கொல்ல முடியும் என்ற தைரியம் அவர்களுக்கு எப்படி வந்தது?' என்பது மற்றொன்று. முதலாவதைக் கிரிமினல் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவதற்குப் பகிரங்க விசாரணைக் கமிஷன் வேண்டும் என்று கேட்டார்கள். சர்க்கார் இசையவில்லை. 2019 ஜூனில் ஐரோப்பியக் கவுன்ஸிலின் பார்லிமெண்டரி அஸெம்பிளி வற்புறுத்திய பிறகுதான் கமிஷன் பிறந்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட அந்தக் கமிஷன் 2021 ஜூலை 29-ஆம் தேதி அறிக்கையை வெளியிட்டது.

கொலையிலே சர்க்காருக்கு நேர்ப் பங்கு இருந்ததென்பதற்கு ஆதாரமில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். ஆயினும் சர்க்கார் பொறுப்பேற்கத்தான் வேண்டும் என்றார்கள். காரணம் என்ன? எதைச் செய்தாலும் தண்டனையின்றித் தப்பலாம் என்ற சூழ்நிலையை ஆட்சியின் உச்சியில் இருந்தவர்கள் உண்டாக்கினார்கள். அது போலீஸ் இலாகா வரையில் பரவிற்று. டாப்னியின் உயிருக்கு இருந்த ஆபத்தை உணர்ந்து தக்க பாதுகாப்பளிக்கவும் தவறினார்கள். அப்போதைய பிரதம மந்திரி ராபர்ட் அபேலா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

நேயர்கள் இந்த முடிவைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அம்பும் வில்லும் எய்தவனும் மட்டும் போதாது. எய்வதற்கு ஒரு மறைவிடமும் வேண்டும். அந்த மறைவிடம் மரத்தாலோ கல்லாலோ ஆனதன்று. மந்திரிகளின் அலட்சியம், போலீஸாரின் தாமதம், 'இவளுக்கு நன்றாக வேண்டும்' என்று சொல்லிச் சிரிக்கும் ஊர் வாய் ஆகியவற்றாலும் ஆனது. மர்ம நபரின் மர்மம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த மறைவிடத்தை அங்கே கலைத்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரிய அதிகாரிகள் குறைவு. டாப்னியின் பிள்ளைகள் மூவரும் இந்த வழக்கையே தங்கள் காரியமாக்கிக்கொண்டார்கள். பதினைந்து தேசங்களைச் சேர்ந்த 45 பத்திரிகையாளர்கள் ஒன்று சேர்ந்து, அவர் பாதியில் விட்ட ஆராய்ச்சிகளைத் தொடர்ந்து 2018 ஏப்ரல் முதல் வெளியிட்டார்கள். எழுதியவரைக் கொன்றால் எழுத்தும் சாகும் என்ற கணக்கு பொய்த்தது. சாமானிய ஜனங்களோ, வாலெட்டாவில் கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஒரு பழைய நினைவுச் சின்னத்தின் அடியில் மலர்களையும் மெழுகுவர்த்திகளையும் வைத்தார்கள். சர்க்கார் ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் மறுபடியும் வைத்தார்கள். இப்படி அள்ளுவது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2020 ஜனவரியில் கோர்ட்டே தீர்ப்பளித்தது. மாதந்தோறும் 16-ஆம் தேதி அங்கே கூடி நின்றவர்களில் பலர் தங்கள் வாழ்நாளில் ஒரு பத்திரிகைக் கட்டுரையும் எழுதியவர்களல்லர்.

கேட்பார் குறைந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்குத் தூர தேசம் போக வேண்டியதில்லை. 2000-ஆம் வருஷம் அக்டோபர் 19-ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு நேரத்தில், பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜனை அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். காவல் மிகுந்த பகுதி அது. கொன்றவர்கள் வந்ததும் போனதும் யார் கண்ணிலும் படவில்லையாம்! கால் நூற்றாண்டு கடந்த 2025-லும் அவ்வழக்கில் தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை. அங்கேயும் நினைவு நாளில் தீபம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் துக்கம் மால்ட்டாவின் துக்கத்துக்குக் குறைந்ததன்று. ஆனால் கேள்வியைக் கமிஷன் வரையில் கொண்டு போகும் வழி அவர்களுக்குத் திறக்கவில்லை. வழி திறப்பதற்கு, சில பேருடைய துக்கம் பல பேருடைய கேள்வியாக மாற வேண்டும்.

நேற்று அந்தத் தகப்பனார் மறுபடியும் வந்தார். நான் மால்ட்டாவின் கதையைச் சொன்னேன். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், ஸார்?"

"இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன்.

பிறகு நான் சொன்னதை இங்கே மாற்றாமல் எழுதுகிறேன். "உங்கள் பெண்ணைப் போகச் சொல்லவும் மாட்டேன், போகாதே என்று தடுக்கவும் மாட்டேன். ஆபத்து இல்லை என்று பொய் சொல்லவும் என்னால் முடியாது. ஆனால் அந்த ஆபத்தின் அளவு அவள் பேனாவில் மட்டும் இல்லை, நம்மிடமும் இருக்கிறது. நீங்கள் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த நிருபரை அடித்த மர்ம நபர் பிடிபட்டாரா? பிடிபட்டிருந்தால், அவரை அனுப்பியவர் யார்? இந்த ஒரு வாரத்தில் நீங்களாவது நானாவது விசாரித்தோமா? நம்மைப் போன்றவர்கள் விசாரிக்காத ஒவ்வொரு செய்தியும் அடுத்தவனுக்கு ஒரு மறைவிடம். அதில் உங்கள் பெண்ணுக்கென்று குறிவைத்து ஒருவன் நிற்கக் கூடும்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பையிலிருந்த துண்டை எடுத்துப் பிரித்து மறுபடியும் படித்தார். நாலாக மடித்திருந்ததால் மடிப்புகளில் எழுத்துத் தேய்ந்திருந்தது. செய்தி எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். "பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் பதில் போடுவார்களா, ஸார்?" என்றார்.

"போடாவிட்டால் இரண்டாவது கடிதம் எழுதுங்கள்" என்றேன். "உங்கள் பெண்ணை எழுதச் சொல்லுங்கள், அவள் நன்றாக எழுதுவாள்."